தத்துவம் கற்பித்த எம்.ஏ. பிள்ளை

திருவனந்தபுரத்தில் தமிழர்கள் கூடும் விழா எதுவானாலும், பொங்கல் விழாவானாலும் பள்ளி ஆண்டு விழாவானாலும், முதலில் எல்லோரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டை எழுதியவர் சென்னைக்காரரோ மதுரைக்காரரோ அல்லர். ஆலப்புழையில் பிறந்து, இதே திருவனந்தபுரத்தில் படித்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே மறைந்தவர். பலருக்கும் வியப்பளிக்கும் இன்னொரு செய்தி, அவர் தமிழாசிரியர் அல்லர் என்பது. கல்லூரியில் அவர் நடத்திய பாடம் தத்துவம். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் முதல் ஐரோப்பிய ஞானிகளின் சிந்தனை வளர்ந்த கதையை ஆங்கிலத்தில் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதே அவரது தொழில்.

அவர் பெயர் பெ. சுந்தரம் பிள்ளை. மனோன்மணீயம் என்ற நாடக நூலால் மனோன்மணீயம் சுந்தரனார் என்று தமிழ்நாட்டில் பெயர் நின்றுவிட்டது. அவர் வாழ்ந்த காலத்தில் திருவனந்தபுரத்து மக்கள் அவரை எம்.ஏ. பிள்ளை என்றே அழைத்தார்கள். எம்.ஏ. பட்டம் அவ்வளவு அரிதாக இருந்த காலம் அது.

தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, தலைமைச் செயலகத்தைக் கடந்து பாளையம் நோக்கி நடந்தால், வலியதொரு பழைய கட்டிடமாகப் பல்கலைக்கழகக் கல்லூரி நிற்கிறது. 1834ல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் ஓர் இலவச ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கியது அது. 1866ல் கல்லூரியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இப்போதுள்ள கட்டிடம் 1873ல் திறக்கப்பட்டது. அந்நாளில் அதன் பெயர் மகாராஜா கல்லூரி. கட்டிடம் திறந்து சில ஆண்டுகளுக்குள் அங்கே பி.ஏ. படித்து வெளியேறியவர்களில் ஒருவர் சுந்தரம் பிள்ளை.

ஆலப்புழையிலிருந்து

அவர் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து ஆலப்புழைக்குக் குடிபெயர்ந்தவர்கள். துறைமுகமும் வணிகமுமாக ஆலப்புழை செழித்திருந்த காலம். தந்தை பெருமாள் பிள்ளை வணிகர். தாய் மாடத்தி அம்மாள். 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி சுந்தரம் பிறந்தார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளை இன்றும் சாலைக் கடைத்தெருவில் பார்க்கலாம். அவரும் அப்படி வளர்ந்தவர்தான். சைவக் குடும்பமாகையால் தேவாரமும் திருவாசகமும் சிறு வயதிலேயே காதில் விழுந்தன. தமிழை முறையாகக் கற்றது நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை என்ற புலவரிடம். இதே புலவரிடம் பின்னாளில் பாடம் கேட்ட இன்னொரு மாணவர்தான் மறைமலையடிகள்.

மேற்படிப்புக்காக அவர் திருவனந்தபுரம் வந்தபோது இந்த ஊருக்கு ரயில் கிடையாது. ஆலப்புழையிலிருந்து காயல் வழியே வள்ளத்தில்தான் வர வேண்டும். வர்க்கலைக் குன்று குறுக்கே நின்றதால் அங்கே இறங்கிக் குன்றைக் கடந்து, மறுபக்கம் வேறு வள்ளம் பிடிக்க வேண்டும். குன்றைக் குடைந்து கால்வாய் விடும் வேலை 1880ல்தான் முழுமையாக முடிந்தது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் ஓடியது 1918ல். தம்பானூருக்கு ரயில் வந்தது அதற்கும் பின்னால், 1931ல். இன்று ஆலப்புழையில் காலையில் ஏறி அலுவலக நேரத்துக்குத் திருவனந்தபுரம் வந்துவிடுகிறவர்களுக்கு அந்தப் பயணத்தின் பாடு தெரிய வாய்ப்பில்லை.

மகாராஜா கல்லூரியில் அவருக்குக் கிடைத்த பெரும் பேறு டாக்டர் ராபர்ட் ஹார்வி என்ற தத்துவப் பேராசிரியர். ஆசிரியர், மாணவர் என்ற நிலையில் தொடங்கிய பழக்கம் வாழ்நாள் நட்பாயிற்று. 1876ல் சுந்தரம் பிள்ளை பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டு சிவகாமி அம்மாளை மணந்தார். அதே சமயத்தில் திருநெல்வேலியில் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியே வளர்ந்து இன்று ம.தி.தா. இந்துக் கல்லூரியாக விளங்குகிறது.

நெல்லையில் இருந்தது சில காலமே. ஆயினும் அங்கேதான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் தொடர்பு ஏற்பட்டது. சுவாமிகளை அவர் குருவாகக் கொண்டார். ஒருபுறம் ஹார்வி காட்டிய ஐரோப்பியத் தத்துவம். மறுபுறம் சுவாமிகள் சொன்ன வேதாந்தமும் சைவமும். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு 1879ல் மறுபடியும் மகாராஜா கல்லூரிக்கே, இம்முறை ஆசிரியராக, வந்து சேர்ந்தார். 1880ல் தத்துவத்தில் எம்.ஏ. தேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் சொல்வது கல்லூரிகளின் பொறுப்பு. அவரோ வேலையில் இருந்துகொண்டே படித்துத் தேறியவர். இரவுக் கல்லூரிக்கும் தபால் வழிப் படிப்புக்கும் பணம் கட்டிவிட்டு, அலுவலகம் முடிந்து வந்து புத்தகத்தைத் திறக்கும் இன்றைய குமாஸ்தாக்களுக்கு அவர் ஒரு வகையில் முன்னோடி.

மீண்டும் வகுப்பறைக்கு

1882ல் அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. அரசாங்கம் அவரைக் கல்லூரியிலிருந்து எடுத்து வருவாய்த் துறையில் பிறவகைச் சிரஸ்தார் என்ற பதவியில் அமர்த்தியது. சமஸ்தானத்தில் அது செல்வாக்குள்ள பதவி. மூன்று ஆண்டுகள் பார்த்தார். அந்த வழியிலேயே சென்றிருந்தால் இன்னும் மேலே ஏறியிருக்கலாம். ஆனால் 1885ல் ஹார்வி ஓய்வு பெற்றுச் சென்றபோது, அவர் இடத்தில் தத்துவப் பேராசிரியராகச் சுந்தரம் பிள்ளை கல்லூரிக்கே திரும்பினார். கோப்புகளை விட்டு வகுப்பறைக்கு வந்த அந்த முடிவால்தான் அவர் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. சிரஸ்தார்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது?

தத்துவ வரலாறு என்பது எப்படிப்பட்ட பாடம் என்பதை இங்கே சற்றுச் சொல்லியாக வேண்டும். ஒருவர் எழுப்பிய கேள்வியை அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். மறுக்கிறார், அல்லது திருத்துகிறார். பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில். டெகார்ட் சொன்னதிலிருந்து ஸ்பினோசா கிளம்புகிறார். ஹியூமைப் படித்துவிட்டுக் கான்ட் எழுதுகிறார். யார் முன்னே, யார் பின்னே என்று தெரியாவிட்டால் இந்தப் பாடத்தையே நடத்த முடியாது. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது விளங்காது. ஆகவே ஆண்டுக் கணக்கு இந்தப் படிப்பின் முதுகெலும்பு.

ஐரோப்பியர்களைப் பற்றி இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்த பேராசிரியருக்குத் தம் சொந்த மரபைத் திரும்பிப் பார்த்தபோது ஒரு பெரிய குறை தெரிந்தது. சம்பந்தர் எந்தக் காலம்? சங்கரருக்கு முன்னா, பின்னா? அவருக்கும் மெய்கண்டாருக்கும் இடையே எத்தனை தலைமுறை? புராணங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளை அள்ளி வீசின. ஐரோப்பிய அறிஞர்களோ எல்லாவற்றையும் நேற்று நடந்ததாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பாதிரியாரே சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சம்பந்தர் காலத்துப் பாண்டியனைப் பிற்காலத்துச் சுந்தர பாண்டியன் ஒருவனோடு ஒன்றாக்கிவிட்டதால் வந்த குழப்பம் அது.

இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சம்பந்தரும் அதே நூற்றாண்டு என்றால், பக்திப் பாடல் தோன்றி, பரவி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதிலிருந்து ஒரு தத்துவம் திரண்டது என்ற வளர்ச்சியே இல்லாமற் போகும். ஒரு மரபுக்கு வரலாறே கிடையாது என்று சொல்வதற்குச் சமம் அது. சுந்தரம் பிள்ளையை உறுத்தியது இந்த இடம்தான்.

சம்பந்தர் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான கட்டுரை எழுதினார். பக்திப் பெருமை பேசும் எழுத்தன்று அது. ஒரு வழக்கறிஞர் சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுவதுபோல நூல்களையும் கல்வெட்டுகளையும் வரிசையாக நிறுத்தினார். சம்பந்தரைச் சுந்தரர் பாடுகிறார். ஆகவே சுந்தரருக்கு முந்தியவர். சங்கரர் செய்ததாக வழங்கும் சௌந்தரிய லகரியில் திராவிடக் குழந்தை ஒன்றைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அது சம்பந்தரையே குறிக்கும் என்று கொண்டால் சங்கரருக்கும் முந்தியவர். இப்படிப் படிப்படியாகப் பின்னுக்குச் சென்று, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிற்பட்டவராகச் சம்பந்தர் இருக்க முடியாது என்று முடிவு கட்டினார்.

அவருடைய சாட்சிகளில் எல்லாமே இன்று செல்லும் என்று சொல்ல முடியாது. சௌந்தரிய லகரியைச் சங்கரர்தாம் செய்தாரா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முடிவு ஏறக்குறைய நின்றுவிட்டது. சம்பந்தரின் நண்பரான சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படையில் இருந்தவர் என்பது பெரியபுராணச் செய்தி. பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது 642ஆம் ஆண்டு வாக்கில் என்று பின்னால் உறுதியானது. இன்று வரலாற்று ஆசிரியர்கள் சம்பந்தரை 7ஆம் நூற்றாண்டில்தான் வைக்கிறார்கள்.

கல் பேசிய கதை

ஏட்டுச் சுவடிகள் மட்டும் போதா என்று கண்ட பேராசிரியர் கல்வெட்டுகளைத் தேடிப் புறப்பட்டார். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. நாஞ்சில் நாட்டுக் கோயில்களிலும் திருவனந்தபுரத்துச் சுற்றுப்புறங்களிலும் தமிழிலும் வட்டெழுத்திலும் கல்வெட்டுகள் படிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றைப் படியெடுத்துப் படித்து, கொல்லம் ஆண்டுக் கணக்கைக் கிறிஸ்து ஆண்டோடு பொருத்தி, 12ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட அரசர்கள் சிலரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். திருவிதாங்கூரின் பண்டை அரசர்கள் பற்றிய அவரது ஆங்கில நூலே, அந்தச் சமஸ்தானத்தின் பழைய வரலாற்றைக் கல்வெட்டைக் கொண்டு எழுத முடியும் என்று காட்டிய முதல் முயற்சி. அரசாங்கமும் தொல்பொருள் ஆராய்ச்சிப் பணியை அவரிடம் ஒப்படைத்தது. பின்னாளில் கோபிநாத ராவ் போன்றவர்கள் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள் என்றால், அதற்குப் பாதை போட்டவர் இந்தத் தத்துவ வாத்தியார்.

கேரளத்தின் பழைய கல்வெட்டுகள் பெரும்பாலும் எந்த மொழியில், எந்த எழுத்தில் இருக்கின்றன என்று விசாரித்தால், இங்கே பிழைக்க வந்த தமிழர்களும் மலையாளச் சகோதரர்களும் ஒரே கல்லின் முன்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இந்திய வரலாற்றை எழுதப் புகுவோர் கங்கைக் கரையில் தொடங்குவதை விட்டுக் கிருஷ்ணை, காவிரி, வைகைக் கரைகளில் தொடங்க வேண்டும் என்பதும் அவர் துணிந்து சொன்ன கருத்து. வின்சென்ட் ஸ்மித் போன்ற ஆங்கில வரலாற்று ஆசிரியர் அதைத் தம் நூலில் எடுத்துக் காட்டும் அளவுக்கு அது பேசப்பட்டது.

வகுப்பறைக்கு வெளியேயும் அவர் சும்மா இருக்கவில்லை. 1885ல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்ற முன்னின்றார். தைக்காட்டு அய்யா சுவாமிகள், சட்டம்பி சுவாமிகள் ஆகியோர் உலவிய வட்டாரத்தில் அவரும் பழகினார். 1888ல் நூற்றொகை விளக்கம் என்றொரு தமிழ் உரைநடை நூல் வெளியிட்டார். உலகில் உள்ள அறிவுத் துறைகளை எல்லாம் எப்படி வகுப்பது, எது எதற்குள் அடங்கும் என்று விளக்கும் நூல் அது. தமிழில் அத்தகைய பொருளை எழுதச் சொற்களே சரியாக இல்லாத காலம். மனோன்மணீயத்துக்குக் கிடைத்த புகழில் நூற்றொகை விளக்கம் மறைந்து போயிற்று. அது அவருக்கு நேர்ந்த அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

1892 டிசம்பரில் விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்தார். அமெரிக்கா செல்வதற்கு முந்திய ஆண்டு அது. இளவரசரின் ஆசிரியர் சுந்தரராம ஐயர் வீட்டில் தங்கியிருந்தார். கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் சந்தித்துப் பேசினர். சுந்தரம் பிள்ளையும் பேசினார். தாம் திராவிடர் என்றும், ஆகையால் இந்து சமூக அமைப்புக்கு வெளியே நிற்பவராகத் தம்மைக் கருதுவதாகவும் பிள்ளை சொன்னதாகவும், சுவாமிகளுக்கு அது பிடிக்கவில்லை என்றும் ஐயர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எழுதியவர் சுவாமிகளுக்கு விருந்தளித்தவர் என்பதை மனத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆயினும் சைவ சபை நடத்திய ஒருவர், ஒரு துறவியின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லத் துணிந்தார் என்பதிலிருந்து அவர் எதையும் மழுப்பிப் பேசும் ஆள் அல்லர் என்பது விளங்கும்.

மனோன்மணீயம்

1891ல் மனோன்மணீயம் வெளிவந்தது. ஐந்து அங்கம், இருபது களம், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய இரகசிய வழி என்ற கதைப்பாட்டு அதற்கு மூலம். ஆனால் சுந்தரம் பிள்ளை அதைத் தம் மண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டார். மதுரையை ஆண்ட ஜீவக பாண்டியன், குடிலன் என்ற அமைச்சனின் சூழ்ச்சிப் பேச்சை நம்பித் தலைநகரை நெல்லைக்கு மாற்றிப் பெரிய கோட்டை கட்டுகிறான். சேர நாட்டரசன் புருடோத்தமனோடு நாஞ்சில் நாட்டை முன்னிட்டுப் போர் மூளுகிறது. கோட்டை உதவவில்லை. குலகுருவான சுந்தர முனிவர் யாருக்கும் தெரியாமல் அமைத்த சுரங்க வழிதான் கடைசியில் அரசனையும் அவன் மகள் மனோன்மணியையும் காப்பாற்றுகிறது. கனவில் மட்டுமே கண்ட சேரனும் மனோன்மணியும் மணக்கிறார்கள்.

பெயர்களைப் பார்த்தாலே அவர் என்ன செய்கிறார் என்று புரியும். ஜீவகன் என்பது சீவன். குடிலன் அதை மயக்கும் வஞ்சனை. தானே கட்டிய கோட்டையை நம்பி ஏமாறும் உயிருக்குக் குரு காட்டும் வழி வேறாக இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்ன தத்துவத்தை இங்கே தமிழில் கதையாக்கிவிட்டார். முனிவர் பெயர் கோடகநல்லூர் சுவாமிகளின் பெயர். நூலைக் காணிக்கையாக்கியது ஹார்விக்கு. இரண்டு குருமார்களுக்கும் கடன் தீர்த்தாயிற்று.

நாஞ்சில் நாடு யாருக்கு என்ற வழக்கை அவர் 1891லேயே நாடகத்தில் போட்டுவிட்டார் என்பதும் வேடிக்கையான ஒற்றுமைதான். அந்த வழக்கு நிஜமாகவே நடந்து, 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

நாடகத்தின் தொடக்கத்தில் வரும் தமிழ்த்தெய்வ வணக்கத்தைத்தான் 1970ல் தமிழக அரசு எல்லா அரசு விழாக்களிலும் பாட வேண்டும் என்று ஆணையிட்டது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் இசை அமைத்தார். 2021ல் அது மாநிலப் பாடலாகவே அறிவிக்கப்பட்டது. பாடலை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு எல்லாம் தமிழிலிருந்து பிறந்தவை என்றும், ஆரிய மொழி வழக்கிழந்தது என்றும் கூறும் அடிகள் விடப்பட்டன. பிறர் மனம் நோகக் கூடாது என்று அரசு நினைத்தது சரிதான். ஆனாலும் அந்த அடிகளை எழுதியவர் மலையாளிகளின் நடுவே பிறந்து, மலையாளிகளுக்கு வகுப்பெடுத்து, அவர்களால் மதிக்கப்பட்டு வாழ்ந்தவர் என்பது நினைவிருக்க வேண்டும். அவர் பகைமையால் எழுதவில்லை. வரலாற்றில் யார் முன்னே, யார் பின்னே என்று தேடிக்கொண்டிருந்த மனம் அப்படி எழுதிற்று.

நாகப்பட்டினத்திலிருந்து வேதாசலம் என்ற இளைஞர், பிற்கால மறைமலையடிகள், மனோன்மணீயத்தைப் படித்துவிட்டு ஆசிரியரைப் பார்க்கவே திருவனந்தபுரம் வந்தார். இங்கே ஒரு பள்ளியில் சிறிது காலம் வேலையும் பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழகம் சுந்தரம் பிள்ளையைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1896ல் அரசு ராவ் பகதூர் பட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1897 ஏப்ரல் 26ஆம் தேதி அவர் காலமானார். வயது நாற்பத்திரண்டு. தமிழிலக்கியத்துக்கும் தென்னாட்டுச் சிந்தனைக்கும் ஒழுங்கான காலவரிசை அமைக்க வேண்டும் என்று அவர் தொடங்கிய வேலையில் சில மைல்கற்களை மட்டுமே நட முடிந்தது.

அவர் மறைந்தபோது ஒரே மகன் நடராஜனுக்கு வயது ஆறு. திருவனந்தபுரத்துக்கு அருகே பேரூர்க்கடையில் மகாராஜா அளித்த நிலத்தில் சுந்தரம் பிள்ளை ஒரு பங்களா கட்டி, ஆசிரியர் நினைவாக ஹார்விபுரம் என்று பெயர் வைத்திருந்தார். மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை வளர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். சமஸ்தானம் அந்தச் சொத்தைப் பறிமுதல் செய்தது. 1954ல் திருவிதாங்கூர்-கொச்சி அமைச்சரவையில் அவர் நிதியமைச்சர் ஆனார். நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். இழந்த நிலத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை என்றும், கூரை வீட்டில்தான் குடியிருந்தார் என்றும் பேரூர்க்கடைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1962ல் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார், 1966ல் மறைந்தார்.

தந்தையின் பெயரில் 1990ல் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் எழுந்தது. அவர் தலைமை ஆசிரியராக இருந்த ஊர் அது. அவர் பாடம் நடத்திய பாளையத்துக் கல்லூரியில் தத்துவத் துறையும் இருக்கிறது, தமிழ்த் துறையும் இருக்கிறது. பேரூர்க்கடை ஹார்விபுரத்தில் இப்போது நடப்பது ஓர் அரசுப் பள்ளி. பெயர்ப் பலகையில் மகன் பெயர்.